கொருக்குப்பேட்டை கேட்டில் ஐம்பத்தெட்டாம் அத்தியாயம்

கேட் போட்டால் ஒரு அத்தியாயம்.
கூட்ஸ் என்றால் ஒன்றரை.
ஸ்கூட்டியை அணைத்து, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி,
எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை
ஹேண்டில்பாரில் சாய்த்துக்கொண்டு படிப்பேன்.
பக்கத்து மீன்பாடி வண்டிக்காரர் ஒருநாள் கேட்டார்:
"இன்னா எக்ஸாம்மா?"
ஆமாம் என்றேன். சொல்வதற்கு அதுதான் சுலபம்.

ஒற்றைப்படை அத்தியாயங்கள் தழலிக்கு.
அவள் தொட்டால் நெருப்பு அணையும்.
இரட்டைப்படை, அவளைத் தேடிவரும் படைத்தலைவன் உருமனுக்கு.
மேலே பெயர் மட்டும் போட்டிருக்கும்,
ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் மாதிரி.
அதைத் தாண்டி உள்ளே போனால்
அந்த வீட்டு ஜன்னல் வழியாகத்தான் ஊர் தெரியும்.

முதல் மாதம் உருமனைப் படிக்கவேயில்லை.
பெயரைப் பார்த்ததும் கொத்தாகப் புரட்டிவிடுவேன்.
புத்தகம் மெகரூனுடையது. எம்.சி. ரோடு புடவைக்கடையில்
அவள் பில் போடுவாள், நான் ஸ்டாக் எழுதுவேன்.
"பாதிய முழுங்கிட்டு முழுசும் படிச்சேன்னு சொல்லாதடி" என்றாள்.

சரி என்று ஒரு திங்கட்கிழமை,
மணலியிலிருந்து டேங்கர் வேகன்கள் முடிவில்லாமல் வந்த காலையில்
பதினான்கைத் திறந்தேன்.

பதின்மூன்றில் தழலி
எரியும் பாலத்தின் நடுவே நின்று சூளுரைப்பாள்.
நான் இரண்டு தடவை படித்த இடம்.
எதிர்க்கரையில் நிற்கும் உருமனுக்கு
அதில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. காற்று எதிர்த்திசை.
மூக்கொழுகும் ஒரு சின்னப்பெண்
வாயை வாயை அசைக்கிறாள்.
முழங்கால் நடுங்குவது இங்கிருந்தே தெரிகிறது.
அவள் அதை என்னிடம் சொல்லவேயில்லை.

அடிப்பாவி என்றேன்,
யாரைச் சொன்னேனோ.

அதற்கப்புறம் ஒன்றையும் தாண்டவில்லை.
அவள் கிணற்றில் தொங்கும்போது வெட்டி
அவனுடைய பல்வலியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.
திட்டிக்கொண்டே படிப்பேன். பல்வலி முடியும்போது
அவனை விட்டுப்போக மனசு வராது.
அவள் இடுப்பில் விஷக்குப்பி இருப்பது அவனுக்குத் தெரியாது.
அவன் பிடிக்க வரவில்லை, கெஞ்ச வருகிறான் என்பது அவளுக்குத் தெரியாது.
இரண்டும் தெரிந்த ஒரே ஆள்
டீசல் புகையில் ஒற்றைக்காலை ஊன்றி நிற்கிறேன்,
யாரிடம் போய்ச் சொல்ல?

நாற்பது, நாற்பத்தைந்து என்று
இருவரும் நெருங்க நெருங்க ஒரே கேள்வி:
சந்திக்கும்போது தலைப்பில் யார் பெயர்?
மெகரூன் ரசீதைக் கிழித்தபடி சிரித்தாளே தவிர
வாயைத் திறக்கவில்லை.

ஐம்பத்தெட்டு.
மேலே: உப்பு வண்டிக்காரன்.

யார் இவன்?
அவர்களின் பெயர்கூடத் தெரியாதவன்.
மழைக்குமுன் மூட்டையை மூடவேண்டும்,
நேரம் பார்த்துக் கழுதை படுத்துக்கொண்டது.
சற்றுத் தள்ளி ஒருத்தியும் ஒருத்தனும்.
யாரோ உட்கார்கிறார்கள்.
ஏதோ கைமாறுகிறது.
அடுத்து அவன் திரும்பும்போது ஒருவர்தான் இருக்கிறார்.
கழுதை எழுந்துவிட்டது. அவனுக்கு அது போதும்.

அறுநூற்றுச் சொச்சம் பக்கம்
இரண்டு பேரைச் சுமந்தவளுக்கு இதுவா கூலி?
புத்தகத்தை சீட்டுக்கடியில் போட்டுப் பூட்டினேன்.

வேகன் இன்னும் போய்க்கொண்டிருந்தது.
ஒரு டேங்கருக்கும் அடுத்ததற்கும் நடுவே
எதிர்ப்பக்கம் துண்டு துண்டாக வந்தது.
பாதி ஷேர் ஆட்டோ.
நெற்றியைத் துடைக்கும் கை, நெற்றி இல்லாமல்.
யூனிஃபார்ம் போட்ட முதுகு.
வாட்சைப் பார்க்கும் ஒருத்தி, மறுபடியும் அவளே.

கேட் தூக்கியதும் அவர்கள் இங்கே, நாங்கள் அங்கே.
தண்டவாளத்தின் மேலேயே முட்டிக்கொண்டு நின்றோம்.
"ரிவர்ஸ் எடுய்யா!"
"ஏன், நீ எடேன்!"

மீன்பாடி வண்டிக்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு
ஹாரன்களுக்கு நடுவே என்னைத் தாண்டினார்.
"எக்ஸாமு எப்டிம்மா போச்சு?"
"கடைசிக் கேள்வி சிலபஸ்லயே இல்லண்ணே."

அது அவர் காதில் விழவில்லை.
ஐஸ் கரைந்து கோணியிலிருந்து சொட்டுகிறது.
எந்தப் பக்கம் சந்து கிடைக்கும் என்று
எல்லோருடைய சக்கரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.